ஆரஞ்சுக் கடுவனுக்கு ஏன் ஆரஞ்சு மகன் பிறக்கவில்லை?

கேள்வி சுருக்கமாக இது. தாய்ப் பூனை கறுப்பும் வெள்ளையும். தகப்பன் என்று எல்லோரும் கைகாட்டுவது வரி போட்ட ஓர் ஆரஞ்சுக் கடுவனை. பிறந்தவை நான்கு குட்டிகள். பெண் குட்டிகள் இரண்டும் கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை என மூவண்ணம். ஆண் குட்டிகளில் ஒன்று கன்னங்கரேலென்று இருக்கிறது, மற்றது சாம்பல். "ஒரு மகனுக்குக்கூட அப்பன் நிறம் வரவில்லையே, அப்பன் இவன்தானா? இரண்டு பேரிடமும் இல்லாத சாம்பல் எங்கிருந்து வந்தது? மூவண்ணத்தில் ஆணே பிறக்காது என்கிறார்களே, உண்மையா?"

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஆரஞ்சு விஷயத்தில் மகன்களுக்குக் கொடுக்கத் தகப்பனிடம் ஒன்றுமே கிடையாது. அது முழுக்க முழுக்கத் தாய்வழிச் சொத்து. ஆண் குட்டிகளின் நிறத்தை வைத்து அந்தக் கடுவனைச் சந்தேகப்படவே முடியாது. பெண் குட்டிகளைப் பார்த்தால் இன்னும் தெளிவு: தாயிடம் ஆரஞ்சு இல்லை, மகள்களிடம் இருக்கிறது. அப்படியென்றால் அது ஓர் ஆரஞ்சுக் கடுவனிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். மீதிக் கேள்விகளுக்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

பூனையின் முடியில் இருக்கும் நிறமிகள் மொத்தமே இரண்டு. யூமெலனின் கறுப்பும் பழுப்பும் தருவது. ஃபியோமெலனின் மஞ்சளும் செம்மையும் தருவது. வெள்ளை என்று ஒரு நிறமி கிடையாது. நிறமியே இல்லாத முடிதான் வெள்ளை. இந்த நிறமிகளைத் தயாரிப்பவை மெலனோசைட் எனும் செல்கள். கரு வளரும்போது முதுகுத் தண்டு உருவாகும் வரியை ஒட்டி இவை தோன்றுகின்றன. அங்கிருந்து தோலுக்குள் பரவி, ஒவ்வொரு மயிர்க்காலிலும் குடியேறி, வளரும் முடிக்குள் நிறமித் துகள்களை ஏற்றி அனுப்புகின்றன.

பலர் தடுமாறுவது இங்கேதான். அப்பன் நிறத்தையும் அம்மா நிறத்தையும் இரண்டு டப்பா பெயின்ட் போலக் கலந்தால் குட்டி நிறம் வரும் என்று நினைக்கிறார்கள். மரபணுக்கள் நிறத்தைக் கலப்பதில்லை. ஒவ்வொன்றும் தனித்தனியான ஒரு விஷயத்தை முடிவு செய்கிறது. மெலனோசைட் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த பிறகு எந்த நிறமியைச் செய்கிறது, செய்ததை முடிக்குள் எப்படிப் பரப்புகிறது, முடி வளரும் நேரத்தில் இடையில் நிறுத்திக்கொள்கிறதா என்று வரிசையாகப் போகும். முதல் விஷயத்துக்கே "இல்லை" என்று விடை வந்துவிட்டால் மற்றவை இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைப் பூனைக்குள் ஆரஞ்சு, கறுப்பு, வரி எல்லாம் எழுதப்பட்டிருக்கலாம். படிக்க வழியில்லை, அவ்வளவுதான்.

ஆரஞ்சுக்கு வருவோம். பூனைக்கு 38 குரோமோசோம்கள், அதாவது 19 ஜோடி. அதில் ஒரு ஜோடி பாலினத்தைத் தீர்மானிப்பது: பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஆரஞ்சைத் தீர்மானிக்கும் இடம் எக்ஸில் இருக்கிறது. மகன் தன் எக்ஸைத் தாயிடமிருந்து மட்டுமே பெறுகிறான்; தகப்பன் கொடுப்பது ஒய். ஒய்யில் ஆரஞ்சைப் பற்றி எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே கறுப்புத் தாய்க்குப் பிறக்கும் மகன்கள், தகப்பன் எவனாக இருந்தாலும், ஆரஞ்சாக இருக்க முடியாது. மகள்களோ தாயிடமிருந்து ஒரு எக்ஸும் தகப்பனிடமிருந்து ஒரு எக்ஸும் பெறுகிறார்கள். உங்கள் மகள் குட்டிகளிடம் ஒன்று கறுப்புக்கு வழிவிடும் எக்ஸ், மற்றது ஆரஞ்சு எக்ஸ். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கதையிலேயே சுவையான இடம் அது.

ஆரஞ்சு பாலினத்தோடு பிணைந்தது என்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பூனை வளர்ப்பவர்களின் பதிவேடுகளைப் பார்த்து மரபியலாளர்கள் ஊகித்துவிட்டார்கள். ஆனால் எக்ஸில் எந்த மரபணு என்பது 100 ஆண்டுகளுக்கு மேல் பிடிபடவில்லை. 2025-ல்தான் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு குழுவும் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்தில் வந்து நின்றன. ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணுவின் பகுதியில் சுமார் 5,100 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு ஆரஞ்சுப் பூனைகளிடம் காணாமல் போயிருக்கிறது. மரபணுவில் துண்டு போனால் அது வேலை செய்யாமல் போகும் என்றுதான் நினைப்போம். இங்கே நேர்மாறு. போன துண்டு அந்த மரபணுவை மெலனோசைட்டுக்குள் அடக்கி வைத்திருந்த துண்டு. அது இல்லாததால், அங்கே விழித்திருக்கவே கூடாத மரபணு விழித்துக்கொள்கிறது. கறுப்பு நிறமி செய்யச் சொல்லும் சமிக்ஞை செல்லுக்குள் நடுவழியிலேயே தடைப்படுகிறது. கறுப்புக்குப் பதில் செல் ஃபியோமெலனின் செய்யத் தொடங்குகிறது.

நாய், குதிரை, மனிதன் என்று செம்முடி வரும் மற்ற பல விலங்குகளில் இந்தச் சமிக்ஞை அறுபடுவது வேறு இடத்தில், பாலினக் குரோமோசோமுக்கு வெளியே. அதனால் அங்கே செம்முடி ஆண் பெண் பேதம் பார்ப்பதில்லை. பூனையின் வழி தனி வழி. உலகின் வெவ்வேறு பகுதிப் பூனைகளைச் சோதித்தபோதும் இதே துண்டுதான் விடுபட்டிருந்தது. ஆக, எப்போதோ ஒரே ஒரு பூனையில் நடந்த விபத்தின் வாரிசுகள்தான் இன்றைய ஆரஞ்சுப் பூனைகள் என்று கொள்ள இடமிருக்கிறது.

ஆரஞ்சுப் பூனை என்றால் பெரும்பாலும் ஆண்தான் என்று சொல்வார்கள். வெறும் பேச்சல்ல, சின்னக் கணக்கு. ஒரு பூனைக் கூட்டத்தில் உள்ள எக்ஸ் குரோமோசோம்களில் ஐந்தில் ஒன்று ஆரஞ்சு எக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஒரு எக்ஸ் போதும். ஆகவே 100 ஆண்களில் 20 பேர் ஆரஞ்சு. பெண் முழு ஆரஞ்சாக வேண்டுமென்றால் இரண்டு எக்ஸும் ஆரஞ்சாக அமைய வேண்டும். ஐந்தில் ஒன்றின் ஐந்தில் ஒன்று, அதாவது 100-க்கு 4. கூட்டிப் பார்த்தால் ஆரஞ்சுப் பூனைகள் ஆறில் ஐந்து ஆண். அதே கூட்டத்தில் 100 பெண்களில் 32 பேர் இரண்டு நிறமும் கலந்த ஆமையோட்டு வகையாகவோ மூவண்ணமாகவோ இருப்பார்கள். ஆரஞ்சு எக்ஸ் அரிதாக உள்ள கூட்டத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

இப்போது அந்த மகள்கள்.

1949-ல் கனடாவில் மர்ரே பார் என்பவரும் அவருடைய மாணவர் பெர்ட்ரமும் பூனையின் நரம்பு செல்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேடியது வேறு ஏதோ. கண்ணில் பட்டது, பெண் பூனைகளின் செல் உட்கருவில் மட்டும் ஓரமாக ஒட்டியிருந்த ஒரு கரும்புள்ளி. ஆண் பூனைகளில் அது இல்லை. சுருண்டு முடங்கிப்போன ஒரு எக்ஸ் குரோமோசோம்தான் அந்தப் புள்ளி என்பது பின்னர் தெரிந்தது. 1961-ல் பிரிட்டனின் மேரி லயன், எலிகளின் திட்டுத்திட்டான நிறத்தை வைத்து, முழு விளக்கத்தையும் முன்வைத்தார். பெண் பாலூட்டியின் கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே, ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றை முடக்கிப் போடுகிறது. எதை முடக்குவது என்பது செல்லுக்குச் செல் குருட்டாம்போக்கு. ஆனால் ஒருமுறை முடக்கிவிட்டால், அந்த செல்லின் வழித்தோன்றல்கள் எல்லாம் அதே எக்ஸைத்தான் முடக்கி வைத்திருக்கும்.

உங்கள் மூவண்ணக் குட்டியின் முதுகில் ஓர் ஆரஞ்சுத் திட்டைப் பார்க்கிறீர்கள் அல்லவா? அங்கே தாய் கொடுத்த எக்ஸ் தூங்குகிறது, தகப்பன் கொடுத்தது வேலை செய்கிறது. பக்கத்துக் கறுப்புத் திட்டில் நேர்மாறாக நடக்கிறது. நமக்குள்ளும், எல்லாப் பெண்களின் உடலிலும், இதே முடக்கம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பூனையில் அது முடியிலேயே எழுதிக் காட்டப்படுகிறது.

திட்டு எங்கே விழும் என்பது மரபணுவில் எழுதப்படவே இல்லை என்பதற்கு நல்ல சாட்சி ஒரு குளோனிங் பூனை. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பர் 22 அன்று உலகின் முதல் குளோனிங் பூனை பிறந்தது. பெயர் சிசி. செல் கொடுத்த பூனை ரெயின்போ, அச்சு அசலான மூவண்ணம். சிசியின் உடலில் ஓர் ஆரஞ்சு முடிகூட இல்லை. வெள்ளையும் வரிபோட்ட பழுப்பும்தான். காரணம் ஊகிக்கக்கூடியது. எடுத்த அந்த ஒற்றை செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே முடங்கியிருந்தது, குளோனிங் அந்த முடக்கத்தை நீக்கவில்லை. டிஎன்ஏ எழுத்துக்கு எழுத்து ஒன்று, பார்வைக்கு வேறு பூனை. செத்துப்போன செல்லப் பூனையை அப்படியே திரும்பக் கொண்டுவரலாம் என்று குளோனிங்குக்குப் பணம் சேர்ப்பவர்களிடம், அதுவும் அந்தப் பூனை மூவண்ணமாக இருந்தால், இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

மூவண்ணத்தில் ஆண் பிறக்குமா? பிறக்கும், அபூர்வமாக. இரண்டு வகை எக்ஸ் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சில ஆண் பூனைகளுக்கு ஒரு எக்ஸ் கூடுதலாக வந்துவிடுகிறது: இரண்டு எக்ஸ், ஒரு ஒய், மொத்தம் 39 குரோமோசோம். ஒய் இருப்பதால் ஆண். இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று முடங்கியாக வேண்டும். ஆகவே இரு நிறம். இப்படிப்பட்ட ஆண் பூனைகளின் குரோமோசோம் எண்ணிக்கையும், மேரி லயனின் கட்டுரை போல, 1961-ல்தான் வெளியானது. இரு நிறப் பூனைகளில் சுமார் 3,000-க்கு ஒன்று ஆண் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கூடுதல் எக்ஸ் உள்ளவை அநேகமாக எல்லாமே மலடு. கருவிலேயே இரண்டு கருக்கள் ஒட்டி ஒன்றாகிப் பிறந்தவையும் உண்டு. அவற்றில் சில குட்டி தரும். அபூர்வம் என்பதற்காக யாராவது பெரிய விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மலட்டுப் பூனையிடமிருந்து அந்த நிறத்தைப் பெருக்க முடியாது, மலடு இல்லாததிடமிருந்தும் முடியாது.

இரண்டு மகள்களிடமும் உள்ள வெள்ளை வேறொரு துறை. அதற்கும் எக்ஸுக்கும் தொடர்பில்லை. கிட் என்ற மரபணு மெலனோசைட்டுகள் பெருகுவதையும் பரவுவதையும் பார்த்துக்கொள்கிறது. பழைய ரெட்ரோவைரஸ் (தன்னையே செல்லின் டிஎன்ஏவுக்குள் செருகிக்கொள்ளும் வகை வைரஸ்) ஒன்றின் டிஎன்ஏ, சுமார் 7,000 எழுத்து நீளத்தில், சில பூனைகளின் கிட் மரபணுவுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்று 2014-ல் கண்டுபிடித்தார்கள். அது இருந்தால் மெலனோசைட்டுகள் உடல் முழுக்கப் போதுமான அளவு போய்ச் சேர்வதில்லை. அவை புறப்படும் இடம் முதுகு என்று சொன்னேன் அல்லவா? தொலைவான இடங்கள் வயிறு, நெஞ்சு, பாதம், மூக்கு நுனி. அங்கேதான் வெள்ளை முதலில் தெரிகிறது. முதுகு வெள்ளையாகவும் வயிறு கறுப்பாகவும் உள்ள பூனையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். வைரஸ் புகுந்த பிரதி ஒன்று இருந்தால் வெள்ளை பொதுவாகப் பாதிக்குக் குறைவு, இரண்டு பிரதி இருந்தால் பாதிக்கு மேல்.

இங்கே ஒரு நுணுக்கம். வெள்ளை இல்லாத இருநிறப் பூனையில் கறுப்பும் ஆரஞ்சும் பொடிப்பொடியாகக் கலந்து இழைந்திருக்கும். வெள்ளை சேர்ந்துவிட்டால் திட்டுகள் பெரிதாகத் தெளிவாகப் பிரிந்து நிற்கும். செல்கள் குறைவாகப் போய்ச் சேரும்போது, ஒரே செல்லின் வாரிசுகள் ஒரு பெரிய பரப்பை நிரப்பிக்கொள்வதே காரணம் என்பது பொதுவான விளக்கம்.

அதே வைரஸின் எச்சம், சுமார் 620 எழுத்து மட்டும் மிஞ்சி, அதே கிட் மரபணுவில் இருந்தால் பூனை முழு வெள்ளை. அதற்கு ஒரு பிரதியே போதும், ஓங்கு பண்பு. இந்த வெள்ளையில்தான் செவிட்டுப் பிரச்சினை வருகிறது. நீலக் கண்ணுள்ள வெள்ளைப் பூனைகளுக்குக் காது கேட்காது என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே டார்வின் குறித்து வைத்தார். இன்று காரணமும் தெரியும். உட்காதில் மெலனோசைட்டுகளுக்கு நிறத்தோடு சம்பந்தமில்லாத வேலை ஒன்று இருக்கிறது. ஒலியை உணரும் செல்கள் குளித்திருக்கும் திரவத்தின் உப்பு அளவைச் சரியாக வைத்திருக்க அவை தேவை. அவை போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களில் அந்த உணர்வு செல்கள் சிதைந்துவிடும். இரண்டு கண்ணும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனைகளில் 65 முதல் 85 சதவீதம் வரை செவிடு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு கண் மட்டும் நீலமென்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் காதுதான் கேட்காது. எல்லா வெள்ளைப் பூனையும் செவிடு என்பது தவறு. நீலக் கண்ணுள்ள எல்லாப் பூனையும் செவிடு என்பதும் தவறு. சயாமியப் பூனைக்கும் நீலக் கண்தான், ஆனால் அதன் காது நன்றாகக் கேட்கும். அங்கே செல்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன, நிறமி செய்வதில்தான் குறை.

சயாமியம் பேச்சில் வந்துவிட்டது, அதையும் முடித்துவிடுகிறேன். நிறமி தயாரிப்பின் முதல் படியைச் செய்யும் நொதி டைரோசினேஸ். சயாமியப் பூனையில் அந்த நொதி சூடு தாங்காத ரகம். உடலின் நடுப்பகுதி வெப்பத்தில் அது செயலிழந்துவிடும். குளிர்ச்சியான காது, மூக்கு, பாதம், வால் ஆகிய ஓரங்களில் மட்டும் வேலை செய்யும். அதனால்தான் முகமும் கைகாலும் கருத்து, உடல் வெளுத்து நிற்கிறது. கருப்பையின் வெதுவெதுப்பில் வளர்ந்த சயாமியக் குட்டி பிறக்கும்போது கிட்டத்தட்ட வெள்ளை, பிறகு ஓரங்களிலிருந்து நிறம் ஏறும். அறுவை சிகிச்சைக்காக முதுகில் சிரைத்த இடத்தில், முடி வளரும் சமயம் குளிராக இருந்தால், கருத்த திட்டு முளைக்கும். அடுத்த முறை முடி உதிர்ந்து வளரும்போது அது மறைந்துவிடும். இது ஒடுங்கு பண்பு. தகப்பன், தாய் இருவரிடமிருந்தும் வர வேண்டும்.

சாம்பல் மகனுக்கு வருகிறேன். அவனிடம் சாம்பல் நிறமி என்று எதுவும் இல்லை. அவனும் கறுப்புப் பூனைதான். கறுப்பு சரியாகப் பரவவில்லை. மெலனோசைட்டுக்குக் கிளைக் கைகள் உண்டு. தயாரித்த நிறமித் துகள்களைக் கைகளின் நுனிவரை இழுத்துச் சென்றால்தான் முடிக்குள் சீராக ஏற்ற முடியும். அந்த இழுவைக்கு மெலனோஃபிலின் என்ற புரதம் வேண்டும். அதன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப் போனால் புரதம் பாதியில் முடிந்துவிடுகிறது. துகள்கள் செல்லின் நடுவிலேயே குவிந்துவிடுகின்றன. சாம்பல் பூனையின் ஒரு முடியை எடுத்துச் சாதாரண நுண்ணோக்கியில் பாருங்கள். கறுப்பு முடியில் நிறம் இழை முழுக்க ஒரே சீராக இருக்கும். இதில் கட்டிகட்டியாக, இடையிடையே வெறுமை விட்டு இருக்கும். அந்த இடைவெளி வழியே வெளிச்சம் சிதறுவதால் நம் கண்ணுக்குச் சாம்பல். இதே மாற்றம் ஆரஞ்சுப் பூனைக்கு வந்தால் வெளிறிய கிரீம் நிறம். கறுப்பும் ஆரஞ்சும் கலந்த பெண்ணுக்கு வந்தால் சாம்பலும் கிரீமும் கலந்த மங்கிய அழகு. என் கண்ணுக்குப் பூனை நிறங்களிலேயே இதுதான் முதலிடம்.

இந்த மாற்றமும் ஒடுங்கு பண்பு. ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும், பூனை கன்னங்கரேலென்றே இருக்கும். எத்தனை தலைமுறை வேண்டுமானாலும் இப்படி ஒளிந்து வரும். இரண்டு பிரதியும் கெட்டால்தான் சாம்பல். உங்கள் சாம்பல் குட்டி ஒன்றை தாயிடமிருந்தும் ஒன்றைத் தகப்பனிடமிருந்தும் வாங்கியிருக்கிறான். ஆகவே இருவரும் ஒளித்து வைத்திருந்தவர்கள். இந்த ஜோடிக்குப் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் மங்கிய நிறம் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

பழுப்பும் இப்படி ஒளிந்து வருவதுதான். டைர்ப்1 என்ற மரபணு மாறினால் கறுப்பு சாக்லேட் ஆகும், இன்னொரு விதமாக மாறினால் இலவங்கப்பட்டை நிறம். தெருப் பூனைகளில் இவை குறைவு, குறிப்பிட்ட இனங்களில் அதிகம். இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை.

கறுப்பு மகனைப் பார்த்து இன்னொன்றையும் கண்டுபிடிக்கலாம். தகப்பன் வரிப்பூனை, மகன் வரியே இல்லாத கறுப்பு. எப்படி? வரிப்பூனையின் முடி ஒன்றைப் பிடுங்கி வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். வரிக்கும் வரிக்கும் இடைப்பட்ட வெளிர் பகுதி முடியில் நுனி கருத்திருக்கும், அதன் கீழே மஞ்சள் பட்டை, அடியில் மறுபடி கருமை. முடி வளர வளர, அகூட்டி என்ற புரதம் மெலனோசைட்டை இடையிடையே கறுப்பை நிறுத்தி மஞ்சளுக்கு மாறச் சொல்கிறது. கருத்த வரிக்குள் உள்ள முடியில் இந்தப் பட்டை கிட்டத்தட்டத் தெரியாது. பட்டையுள்ள முடிகளும் பட்டையில்லாத முடிகளும் மாறி மாறி வருவதுதான் வரி. அகூட்டி மரபணுவின் இரண்டு பிரதியிலும் இரண்டு எழுத்து விடுபட்டுப் போனால் இந்த நிறுத்தம் நடக்காது. எல்லா முடியும் நுனி முதல் அடிவரை கறுப்பு. ஆக, கறுப்புப் பூனையும் உள்ளுக்குள் வரிப்பூனையே. கறுப்புக் குட்டியை வெயிலில் சாய்த்துப் பிடித்தால் நிழல் போல வரி தெரிவதுண்டு.

ஆனால் ஆரஞ்சுப் பூனையில் இந்த மறைப்பு பலிக்காது. அங்கே செல் செய்வதே ஃபியோமெலனின். "கறுப்பை நிறுத்து" என்று சொல்ல ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். வரிகள் எப்படியும் வெளியே தெரியும். அதனால் வரியே இல்லாத ஆரஞ்சுப் பூனை கிடைப்பது கடினம். நெற்றிக் கோடாவது இருக்கும். உங்கள் ஆரஞ்சுக் கடுவனின் வரியைப் பார்த்து அவன் அகூட்டி உள்ளவன் என்று சொல்ல முடியாது. அவனுக்குக் கறுப்பு மகன் பிறந்திருப்பதால், கெட்ட அகூட்டிப் பிரதி குறைந்தது ஒன்றாவது அவனிடம் இருக்கிறது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். உங்கள் மூவண்ணக் குட்டிகளிலும் இதைப் பார்க்கலாம்: கறுப்புத் திட்டு வழவழவென்று ஒரே கறுப்பாக இருக்கும், ஆரஞ்சுத் திட்டில் மட்டும் வரி ஓடும். கறுப்பு இருக்க வேண்டிய திட்டில் பழுப்பு வரி இருந்தால் அந்தக் குட்டிக்கு நல்ல அகூட்டி கிடைத்திருக்கிறது என்று பொருள்.

வரியின் வடிவத்தை வேறு மரபணு பார்த்துக்கொள்கிறது. விலாவில் மீன் முள் போல மெல்லிய நேர்வரிகள் இருப்பதுதான் பழைய வடிவம், காட்டுப் பூனையிடமிருந்து வந்தது. டாக்பெப் என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் மாறினால் வரிகள் அகன்று சுழன்று விலாவில் வட்டமாகும். இதே மரபணு சிவிங்கிப்புலியில் (சீட்டாவில்) மாறும்போது, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பட்டைகளாகி "ராஜ சீட்டா" பிறக்கிறது. 2012-ல் ஒரே ஆய்வில் இரண்டையும் சேர்த்துக் காட்டினார்கள். 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு பழங்காலப் பூனை எச்சங்களின் டிஎன்ஏவைப் பார்த்தது. சுழல் வரி மத்திய காலத்துக்கு முந்தைய பூனைகளில் தென்படவில்லை. பழங்கால எகிப்தியச் சுவரோவியங்களில் பூனைகளுக்கு நேர்வரி மட்டுமே இருப்பதும் அதோடு பொருந்துகிறது.

வரி எங்கே விழும் என்பது முடி முளைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கருத்தடை அறுவைச் சிகிச்சையில் நீக்கப்பட்ட கருப்பைகளில் இருந்த கருக்களின் தோலை ஸ்டான்ஃபோர்டு குழு ஆராய்ந்தது. நிறமி வரும் முன்னரே தோல் தடிப்பாகவும் மெலிதாகவும் மாறி மாறி அமைந்திருந்தது. டிகேகே4 என்ற மரபணு தடித்த பட்டைகளில் மட்டும் செயல்பட்டது. கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1952-ல், ஊக்கும் பொருள் ஒன்றும் தடுக்கும் பொருள் ஒன்றும் வெவ்வேறு வேகத்தில் பரவினால் தானாகவே வரியும் புள்ளியும் உருவாகும் என்று காகிதத்தில் காட்டியிருந்தார். பூனைத் தோலில் நடப்பது அந்த ரகம்தான். அபிசீனியப் பூனைக்கு உடலில் வரியே இல்லாமல் எல்லா முடியும் பட்டையோடு இருப்பதும் இந்த டிகேகே4 மாறியதால்.

மரபணுவே எல்லாம் என்று சொல்லிவிடவும் கூடாது. கறுப்பு நிறமிக்கு மூலப்பொருள் டைரோசின் என்ற அமினோ அமிலம். அதுவும், அது உருவாகத் தேவையான ஃபினைல்அலனைனும் உணவில் குறைந்தால் கறுப்புப் பூனை செம்பழுப்பாக மாறும். ஒழுங்கான உணவு கொடுத்தால் அடுத்து வளரும் முடி கறுப்பாகும். வெயிலில் கிடந்தே வளரும் கறுப்புப் பூனையும் முதுகில் துருப்பிடித்த நிறமாகும். இதைப் பார்த்து "ஆரஞ்சு கலந்திருக்கிறது" என்று எண்ணுபவர்கள் உண்டு. வித்தியாசம் எளிது. வெயில் வெளுப்பு முடியின் நுனியில் மட்டும் இருக்கும், அடி கறுப்பு. உண்மையான ஆரஞ்சு முடி நுனி முதல் அடிவரை ஆரஞ்சு. தாய்ப் பூனையைக் கறுப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் சில பெண் பூனைகளில் ஆரஞ்சு ஒரு கால் விரல் இடுக்கிலோ தாடைக்கு அடியிலோ சின்னத் திட்டாக ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட "கறுப்பு"த் தாய்க்கு ஆரஞ்சு மகன் பிறந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடுத்த தலைமுறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூவண்ணப் பெண்கள் இருப்பதால் கேட்பீர்கள். அவர்கள் கறுப்புக் கடுவனோடு சேர்ந்தால் மகன்களில் சராசரியாகப் பாதி ஆரஞ்சு, பாதி கறுப்பு. மகள்களில் பாதி கறுப்பு, பாதி இருநிறம். ஆரஞ்சுக் கடுவனோடு சேர்ந்தால் மகன்களுக்கு அதே கணக்கு; மகள்களில் பாதி முழு ஆரஞ்சு, பாதி இருநிறம். வெள்ளை வருவதும் மங்குவதும் இதோடு சேராமல் தனிக்கணக்காக ஓடும். ஓர் ஈற்றில் நான்கு குட்டி மட்டுமே என்றால் சராசரியை நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெண் பூனைக்கு இணைசேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும். பருவத்தில் இருக்கும் சில நாட்களில் பல கடுவன்களோடு சேரும், ஆகவே ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன் இருப்பது சாதாரணம். நெருக்கமாகப் பூனைகள் வாழும் இடங்களில் இது மிக சகஜம். உங்கள் நான்கு குட்டிகளில் மகள்கள் இருவருக்கும் ஆரஞ்சுத் தகப்பன் என்பது உறுதி. மகன்கள் இருவரும் அவனுக்கே பிறந்திருக்கலாம், வேறொரு கறுப்புக் கடுவனுக்கும் பிறந்திருக்கலாம். அப்படியென்றால் சாம்பலையும் அகூட்டியையும் வைத்து நான் அந்த ஆரஞ்சுக் கடுவன் மேல் ஏற்றிய முடிவுகள் அந்த இன்னொருவனுக்குப் போய்விடும். நிறம் இதற்கு மேல் சாட்சி சொல்லாது. குட்டியிடமும் கடுவனிடமும் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுத்து டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும். அந்தக் கடுவன் வாயைத் திறந்து காட்ட ஒத்துழைப்பானா என்பது வேறு விஷயம்.